ஆஸ்பத்திரியும் லயத்து வீடும்

"இனி வீட்டுக்குக் கொண்டு போகலாம்" என்பது ஆஸ்பத்திரிகளில் நாள்தோறும் வழங்கும் ஒரு சொல். நோய் நீங்கியவனைக் குறித்துச் சொல்லப்படும்போது அது மங்கலச் சொல்லாகும். நோய் நீங்காதென்று முடிவான ஒருவனைக் குறித்துச் சொல்லப்படும்போது அதுவே கைவிரிக்கும் சொல்லாய் விடுகின்றது. சுங்கைப்பட்டாணியிலோ, கூலிமிலோ, அலோர் ஸ்டாரிலோ இச்சொல்லைக் கேட்டு, நோயாளியை வாடகை வண்டியில் கிடத்திக்கொண்டு தோட்டத்துச் செம்மண் சாலையில் திரும்பும் குடும்பத்தாருக்கு அன்றிரவே எழும் வினாக்கள் மிக எளியவை. வலி மிகுந்தால் என் செய்வது? மருந்து தீர்ந்தால் யாரிடம் கேட்பது? மூச்சுத் திணறினால் மறுபடியும் ஆஸ்பத்திரிக்கு ஓடுவதா, கையைப் பிடித்துக்கொண்டு அருகிலேயே இருப்பதா? இவற்றிற்கு விடை கூறும் பொறுப்பு ஆஸ்பத்திரியைச் சார்ந்ததா, வீட்டைச் சார்ந்ததா? இரண்டையும் சாராது நடுவே கிடக்கும் அந்த இடத்தின் சரித்திரத்தையே நாம் இங்கு எழுதப் புகுந்தோம்.

கெடா நாட்டின் சரித்திரம் என்றவுடன் நம்மவர் 1025-ஆம் ஆண்டிற்குப் பாய்ந்துவிடுவர். கடாரங் கொண்ட சோழனின் மரக்கலங்களை எண்ணி மார்தட்டுவோர் பலர். அக்கடாரத்திலே ஒன்பது நூற்றாண்டு கழித்துப் பால் மரம் வெட்ட வந்த தமிழன் எவ்வாறு வாழ்ந்தான், எவ்வாறு மாண்டான் என்று கேட்போர் மிகச் சிலரே. அரசர் வென்ற கதைக்குக் கல்வெட்டு உண்டு. கூலிக்காரன் செத்த கதைக்கு ஆஸ்பத்திரிப் பதிவேடுதான் உண்டு, அதுவும் பெரும்பாலும் கரையானுக்கு இரையாயிற்று.

1909-ஆம் ஆண்டு ஆங்கிலேயரும் சயாமியரும் செய்துகொண்ட உடன்படிக்கையால் கெடாவின் மேலாண்மை சயாமியர் கையிலிருந்து ஆங்கிலேயர் கைக்கு மாறிற்று. ரப்பர் விலை உச்சத்திற் பறந்த காலம் அது. கோலமூடா, கூலிம், பண்டார் பாரு ஆகிய தென் மாவட்டங்களில் காடுகள் விழுந்து தோட்டங்கள் எழுந்தன. 1911-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில் கெடாவிலிருந்த இந்தியர் ஏறத்தாழ 6,000 பேர். 1921-இல் 33,000 பேர். 1931-இல் 50,000 பேருக்கு மேல். இவர்களுள் மிகப் பெரும்பாலோர் நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறி, பினாங்கில் இறங்கி, ஜெரஜாக் தீவில் தொற்றுக்காப்பு நாட்களைக் கழித்து, கங்காணியின் பின்னே தோட்டம் புகுந்த தமிழ்மக்களாவர்.

மலேரியாக் காய்ச்சலும் சீதபேதியும் கொக்கிப் புழுவும் அவர்களைக் கூட்டங் கூட்டமாய் வாரின. ஆளை இழந்த தோட்டம் பாலை இழக்கும் என்பது முதலாளிமார்க்கு விளங்கிற்று. இந்தியாவிலே எழுந்த கண்டனமும் ஆங்கில அரசாங்கத்தின் காதில் விழுந்தது. கூட்டாட்சி மலாய் நாடுகளின் 1912, 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டங்களும், அவற்றை ஒட்டிப் பிற நாடுகளில் நடப்புக்கு வந்த விதிகளும், தொழிலாளருக்கு வீடும் நல்ல தண்ணீரும் வைத்திய வசதியும் அளித்தல் தோட்டத்தாரின் கடமையெனக் கூறின. அவ்வாறு பிறந்ததே தோட்டத்து ஆஸ்பத்திரி.

அது பெரும்பாலும் ஒரு பலகைக் கட்டடம். சில கட்டில்கள், ஒரு மருந்தறை, பின்புறம் ஒரு சமையற்கட்டு. சிறு தோட்டங்கள் பல கூடி ஒரு பொது ஆஸ்பத்திரி வைத்துக்கொண்டதும் உண்டு. பட்டம் பெற்ற வைத்தியர் குறித்த நாளில் நகரத்திலிருந்து மோட்டார் வண்டியில் வருவார்; பார்ப்பார்; கையெழுத்திட்டுப் போவார். எஞ்சிய நாளெல்லாம் அங்கே ஆட்சி செலுத்தியவர் டிரசர் ஆவார். காலைப் பெரட்டுக்களத்தில் கொயினா மருந்து கொடுத்தவர் அவர். புண்ணைக் கழுவிக் கட்டியவரும், பிள்ளைப்பேற்றிற்கு ஓடியவரும், பெரட்டுக்கு வராதவன் யாரென்று கேட்டு அவன் லயத்து வாசலில் வந்து நின்றவரும் அவரே. அவர் நல்லவராயிருந்த தோட்டமும் உண்டு; அதட்டலே மருந்தாக வைத்திருந்த தோட்டமும் உண்டு. எப்படியிருந்தாலும், எந்த வீட்டில் யார் படுத்திருக்கிறார், அவருக்குக் கஞ்சி வைக்க ஆள் உண்டா, மகன் குடிப்பானா, மருமகள் பொறுப்பானவளா என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். ஆஸ்பத்திரியும் லயமும் கூப்பிடு தூரத்தில் இருந்தன. நோயாளியின் கட்டிலுக்கும் அவன் வீட்டுத் திண்ணைக்கும் இடையே வேண்டிய தொடர்பைப் பற்றி இன்று அறிக்கைகள் எழுதப்படுகின்றன. அன்று டிரசரின் இரண்டு கால்களே அத்தொடர்பு.

இதனைச் சொல்லுங்கால் பழமைக்குப் பல்லாண்டு பாடுவதாக எவரும் கருத வேண்டா. தோட்டத்து ஆஸ்பத்திரி எதற்காகக் கட்டப்பட்டது? படுத்தவனை எழுப்பி மறுபடியும் பால் வெட்ட அனுப்புவதற்காக. எழ முடியாதவனுக்கு அங்கே இடமில்லை. தீராநோயாளிக்கும் முதியோர்க்கும் அன்றைய ஏற்பாடு கண்டுவைத்த மருந்து கப்பல் ஒன்றே. முதலாளிமார் செலுத்திய வரியால் நடந்த இந்தியர் குடியேற்ற நிதியிலிருந்து கப்பற்கூலி கொடுத்து, உழைக்க இயலாதவர்களைத் தமிழ்நாட்டிற்குத் திருப்பியனுப்பி வந்தனர். இருபது முப்பது ஆண்டு இந்நாட்டில் உழைத்து, பிள்ளை பெற்று, பெற்றதிற் சிலவற்றை இம்மண்ணிலேயே புதைத்தவன், நெஞ்சுக்கூடு தெரியும் உடலோடு பினாங்குத் துறையில் கப்பலேறினான். நாகப்பட்டினத்தில் இறங்கிய பின் அவனை எதிர்கொள்ள யார் இருந்தனர் என்பது எந்தக் கணக்கிலும் ஏறவில்லை. தொழுநோயாளிக்கோ கப்பலுமில்லை, ஜெரஜாக் தீவு இருந்தது, 1930-க்குப் பிறகு சுங்கை பூலோ குடியிருப்பு வந்தது. தீராநோய் என்றால் தொலைவு என்பதே அக்காலத்து அகராதிப் பொருள்.

1942 முதல் 1945 வரை சயாம் மரண ரயில்பாதைக்குக் கொண்டுபோகப்பட்டவர்களின் கதையோ இன்னும் கொடியது. தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர் சென்றனர். வாந்திபேதியாலும் பட்டினியாலும் புண்ணாலும் பல்லாயிரவர் மாண்டனர். தெற்குக் கெடாவில் இன்றும் மூத்த தலைமுறையினர் வாயில் "சயாமுக்குப் போனவர்" என்றால் திரும்பாதவர் என்றே பொருள். பெற்றோரும் மனைவியும் அருகிலின்றி, முகமறியாக் காட்டில் உயிர்விட்டவர்களின் நினைவு நம்மவர் உள்ளத்தில் ஓர் அச்சத்தை ஊன்றிவிட்டது. வீட்டில் சாக வேண்டும் என்று முதியோர் பிடிவாதம் செய்வதை மூடத்தனம் என்று இளைஞர் எள்ளுவதுண்டு. அப்பிடிவாதத்தின் வேர் எங்கே ஓடுகிறதென்று அறிந்தால் எள்ளமாட்டார்.

இன்னொரு முரணையும் இங்கே குறித்தல் வேண்டும். கெடா அரசின் கருவூலத்திற்கு நெடுங்காலம் பெரும்பொருள் ஈட்டித் தந்தது அபின் குத்தகை. ஆங்கிலேயர் வந்த பிறகும் அபின் விற்பனை அரசாங்க வருவாயாகவே பல்லாண்டு நீடித்தது. தமிழனுக்குத் தோட்டத்து வாசலிலேயே கள்ளுக்கடை. ஆனால் அதே அபினிலிருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பிரித்தெடுக்கப்பட்ட மார்ஃபின் என்னும் அரிய வலிநீக்கி, புற்றுநோயால் துடித்த தோட்டத்துக் கிழவிக்கு எட்டாக்கனியாகவே இருந்தது. மயக்கத்தை விற்பதில் கைதேர்ந்த ஓர் ஆட்சி, வலியை நீக்குவதில் கைநடுங்கிற்று. அந்த நடுக்கம் ஆட்சி மாறிய பின்பும் ஆஸ்பத்திரி மருந்தறைகளை விட்டு எளிதில் அகலவில்லை.

1957-இல் நாடு விடுதலை பெற்றது. அதனை ஒட்டிய ஆண்டுகளில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் பல தம் தோட்டங்களை விற்றன. வாங்கியவர்கள் துண்டு போட்டு விற்றனர். துண்டாடப்பட்ட தோட்டத்தில் முதலில் மூடப்பட்டது பள்ளியோ ஆஸ்பத்திரியோ, இரண்டிலொன்று. இந்தத் துண்டாடலை எதிர்த்தே 1960-இல் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். அச்சங்கம் முதன்முதல் வாங்கிய தோட்டம் நம் கெடாவிலுள்ள புக்கிட் சிடிம். பாட்டாளிகள் சிறு சிறு தொகையாய்ப் பங்குப்பணம் கட்டி ஒரு தோட்டத்தையே வாங்கினர் என்பதை வாசகர் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னர் அதனிடம் திரும்புவோம்.

பின்னர் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. தமிழர் போய் அயல்நாட்டுத் தொழிலாளர் வந்தனர். அரசாங்கத்தின் கிராமச் சுகாதாரச் சேவை விரிந்தது, பொது ஆஸ்பத்திரிகள் பெருகின. அது நாட்டிற்குப் பெருநன்மையே. ஆனால் தோட்டத்து ஆஸ்பத்திரிகள் ஒவ்வொன்றாய் வெறும் கிளினிக்குகளாய்ச் சுருங்கிப் பின் பூட்டப்பட்டன. 1996-இல் கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்கா திறந்தபின் தோட்டத்துப் பிள்ளைகள் ஆலைச் சீருடை அணிந்தனர். குடும்பங்கள் பாடாங் செராயிலும், லூனாஸிலும், சுங்கைப்பட்டாணியின் தாமான்களிலும் குடியேறின. நல்ல வைத்தியம் முன்னினும் அதிகமாய்க் கிடைத்தது. லயத்து வாசலில் வந்து நிற்கும் அந்த ஒருவர் மட்டும் மறைந்துபோனார். அவருக்குப் பதிலாக யாரும் வரவில்லை.

இதற்கிடையே நோயும் தன் உருவை மாற்றிக்கொண்டது. காய்ச்சல் ஒரு வாரத்தில் கொல்லும், அல்லது விட்டுப்போகும். இன்று நம்மவரைப் படுக்கையில் தள்ளும் நோய்களோ நீரிழிவு, பக்கவாதம், சிறுநீரகச் செயலிழப்பு, இருதயத் தளர்ச்சி, புற்றுநோய் என்பன. இவை மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் இழுக்கும். ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஓராண்டு படுத்திருக்க யாருக்கும் இயலாது. வீட்டில் ஓராண்டு மருந்தின்றிக் கிடக்கவும் இயலாது. ஆகவே அங்கும் இங்குமாய்ப் போய்வரும் வாழ்வே தீராநோயாளியின் வாழ்வு. போகும் வழியில் அவன் கைநழுவி விழாதபடி பிடித்துக்கொள்வது யார் என்பதே கேள்வி.

உலகம் இக்கேள்விக்கு விடை தேடத் தொடங்கி அதிக காலமாகவில்லை. லண்டனில் சிசிலி சாண்டர்ஸ் என்னும் அம்மையார் முதலில் தாதியாகவும், பின் ஆஸ்பத்திரியில் நோயாளரின் குடும்பநலம் பேணும் ஊழியராகவும், அதன்பின் படித்து வைத்தியராகவும் ஆனார். மரணத்தை எதிர்நோக்குவோரின் வலி உடலில் மட்டும் இருப்பதன்று. மனத்திலும் குடும்பத்திலும் பணப்பையிலும் அது இருக்கிறது என்று அவர் கண்டார். 1967-இல் அவர் தொடங்கிய புனித கிறிஸ்டபர் இல்லம், இரண்டாண்டு கழித்து 1969-இலேயே நோயாளரின் வீடுகளுக்குத் தாதிமாரை அனுப்பத் தொடங்கிற்று. கட்டடத்தைத் தொடங்கிய கையோடு கட்டடம் போதாதென்றும் அறிந்துகொண்டனர் என்பதை நாம் சிறப்பாகக் குறிக்கின்றோம்.

தமிழகத்தில் தேவதாசி முறையை ஒழிக்கப் போராடிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, தம் உடன்பிறந்தாள் புற்றுநோயால் மாண்ட துயரத்தை மறவாது, 1954-இல் சென்னை அடையாற்றில் புற்றுநோய் ஆஸ்பத்திரியைத் தொடங்கி வைத்தார். தீராநோயைத் தலைவிதி என்று விட்டுவிடாமல் அதற்கும் ஒரு கட்டில் உண்டென்று காட்டியது அது. ஆனால் வீட்டையும் ஆஸ்பத்திரியையும் இணைக்கும் வேலையில் நமக்கு அணுக்கமான பாடம் கேரளத்திலிருந்தே வந்தது. 1993-இல் கோழிக்கோட்டு மருத்துவக் கல்லூரியில் டாக்டர் எம். ஆர். இராஜகோபாலும் டாக்டர் சுரேஷ்குமாரும் நண்பர்களும் வலிநீக்கும் சிறு பிரிவொன்றைத் தொடங்கினர். நோயாளர் நெடுந்தொலைவிலிருந்து பஸ்ஸில் வந்து வரிசையில் நின்றபோது, வலிபட்டவனை வரவழைப்பதே ஒரு கொடுமை என்று உணர்ந்தனர். 2000-ஆம் ஆண்டை ஒட்டி அக்கம்பக்கத்தார் வலைப்பின்னல் ஒன்று உருவாயிற்று. ஆசிரியர், ஆட்டோ ஓட்டுநர், மாணவர், கடைக்காரர் முதலியோர் பயிற்சி பெற்றுத் தம் தெருவிலுள்ள நோயாளரைப் போய்ப் பார்த்தனர். செலவுக்குச் சில்லறைக் காசு திரட்டினர். தாதி வாரந்தோறும் வந்தாள். சிக்கலானதை மட்டும் வைத்தியரிடம் கொண்டு சென்றனர். 2008-இல் கேரள அரசே இதற்கெனக் கொள்கை வகுத்தது. 2021-இல் தமிழக அரசு தொடங்கிய "மக்களைத் தேடி மருத்துவம்" என்னும் திட்டமும் இல்லந்தேடி வரும் சேவைகளுள் நோய்த்தணிப்பைச் சேர்த்துக்கொண்டது.

மலேசியாவில் இதன் தொடக்கம் 1990-களின் முற்பகுதி. 1991-இல் கோலாலம்பூரில் ஹோஸ்பிஸ் மலேசியா தோன்றிற்று. கெடாவின் அண்டையிலுள்ள பினாங்கிலும் அக்காலத்திலேயே தேசியப் புற்றுநோய்ச் சங்கக் கிளை வீடு தேடிச் செல்லும் பணியை மேற்கொண்டது. அப்பணியில் டாக்டர் டி. தேவராஜ் ஆற்றிய தொண்டு நம்மவர் அறிந்திருக்க வேண்டியது. 1995-இல் சபாவின் கோத்தா கினபாலு குவீன் எலிசபெத் ஆஸ்பத்திரியில், அரசாங்க ஆஸ்பத்திரிகளுள் முதன்முதலாக, நோய்த்தணிப்புப் பிரிவு ஏற்பட்டது. 2005-இல் நோய்த்தணிப்பு மருத்துவம் தனிச் சிறப்புத்துறையாக ஏற்கப்பட்டது. 2014-இல் சுகாதார அமைச்சு தன் கிளினிக்குகளின் வழியே, படுத்த படுக்கையானவர்களை வீட்டிலேயே சென்று பார்க்கும் இல்லச் சிகிச்சைச் சேவையைத் தொடங்கிற்று. 2019-இல், 2030 வரைக்குமான தேசிய நோய்த்தணிப்புக் கொள்கையும் வெளிவந்தது. நாட்டில் இப்பேணுகை வேண்டியோர் 2014-இல் ஏறத்தாழ 100,000 பேர், 2030-இல் 240,000 பேர் அளவுக்கு உயர்வர் என்பது ஒரு மதிப்பீடு.

ஆக, ஆஸ்பத்திரியில் ஒரு கை உண்டு. கிளினிக்கில் ஒரு கை உண்டு. தொண்டர் சங்கங்களில் ஒரு கை உண்டு. இம்மூன்றும் ஒன்றையொன்று பற்றுகின்றனவா என்பதே நம் கவலை. தொண்டர் சங்கங்கள் பெரும்பாலும் பெருநகரைச் சுற்றியே இயங்குகின்றன. மகாங்கிலோ காராங்கானிலோ செம்பனைக்கு நடுவே உள்ள வீட்டுக்கு அவற்றின் வண்டி வருவது அரிது. கிளினிக்கின் இல்லச் சேவையோ பக்கவாதம் முதலியவற்றால் படுத்து, நிலை மாறாதிருப்போரை முதன்மையாகக் கருதி அமைந்தது. அவர்களுக்கு வேண்டியது படுக்கைப் புண்ணுக்குக் கட்டும், குழாய் மாற்றமும், பராமரிப்பவருக்குப் பயிற்சியும். முற்றிய புற்றுநோயாளியின் நிலை அவ்வாறன்று. திங்கட்கிழமை போதுமாயிருந்த மார்ஃபின் அளவு வியாழக்கிழமை போதாது. வந்து பார்க்கும் தாதி அளவைத் தானே கூட்டிவிட முடியாது; கூட்டுவதற்கு உரியவர் நாற்பது மைல் அப்பால் ஆஸ்பத்திரியில் இருக்கிறார். தாதியிடம் அவருடைய தொலைபேசி எண் இருந்து, அவரும் எடுத்துப் பேசினால், பத்து நிமிடத்தில் வேலை முடிந்தது. இல்லாவிடில் நோயாளி ஆம்புலன்ஸில் ஏறி, அவசரப் பிரிவில் பல மணி நேரம் காத்திருந்து, தன்னை அறியாத புதிய வைத்தியரிடம் முதலிலிருந்து கதை சொல்ல வேண்டும். இணைப்பு என்று பெரிதாய்ப் பேசப்படுவது பெரும்பாலும் இந்தப் பத்து நிமிடப் பேச்சுத்தான்.

அடுத்தது கடிதம். வீட்டுக்கு அனுப்பும்போது கொடுக்கப்படும் தாளில் நோயின் பெயர் இருக்கும், மருந்தின் பெயர் இருக்கும். நோயாளியிடம் உண்மை சொல்லப்பட்டதா, மறுபடி ஆஸ்பத்திரிக்கு வர அவர் விரும்புகிறாரா, இரவில் உடனிருப்பவர் யார் என்பவை இருப்பதில்லை. இந்த மூன்றாவதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். மகள் பெயரைப் பராமரிப்பவர் என்று எழுதிக்கொள்கிறார்கள். மகளோ கூலிம் ஆலையில் முறைவேலை. ஒரு வாரம் பகல், ஒரு வாரம் இரவு. இரவு வாரத்தில் வீட்டிலிருப்பது எழுபது வயதுத் தாயும் பள்ளிச் சிறுவனும் மட்டுமே. நான்கு மணிக்கொருமுறை கொடுக்க வேண்டிய மருந்தை இருளில் அளந்து கொடுப்பவர் யார்? வள்ளுவர் மருத்துவத்தின் உறுப்புகளை எண்ணியபோது நோயாளி, வைத்தியன், மருந்து என்பவற்றோடு நில்லாமல், அருகிருந்து பணி செய்பவனையும் நான்காவதாகச் சேர்த்தார். அந்த நான்காமவரின் வேலைநேரத்தைக் கேட்டு எழுதிக்கொள்ளத் தாளில் ஒரு வரி இடம் விடலாகாதா?

மொழியும் ஒரு தடை. தாதி மலாய்மொழியில் "சாக்கிட்டா?" என்று கேட்கிறாள். தோட்டத்து அம்மா தலையசைக்கிறாள். நோய்க்கும் வலிக்கும் பொதுவாய் நிற்கும் சொல் அது. தலையசைப்பிலிருந்து ஒன்றும் விளங்காது. அந்த அம்மாவையே தமிழில் பேசவிட்டால், குத்துகிறது, எரிகிறது, குடைகிறது, இழுக்கிறது, சுண்டுகிறது, விண்விண் என்று தெறிக்கிறது, கடுக்கிறது, உளைகிறது என்று ஒவ்வொன்றையும் பிரித்துச் சொல்வாள். இவை வெறும் அலங்காரச் சொற்கள் அல்ல. எரிச்சலும் மின்னலடித்தாற்போன்ற சுண்டலும் பெரும்பாலும் நரம்பைச் சார்ந்த வலி. அதற்கு மார்ஃபின் மட்டும் போதாது, வேறு மருந்தும் சேர்க்க வேண்டும். எலும்பில் நோய் பரவிய குடைச்சல் வேறு. குடல் அடைபட்டு முறுக்கும் வலி வேறு. மலாய்மொழியிலும் இவ்வேறுபாடுகளுக்குச் சொற்கள் உண்டு. நம் மூதாட்டி அவற்றை அறியாள், தாதி தமிழை அறியாள். படித்த தமிழ் இளைஞர் ஒருவர் தாதியுடன் சென்று இச்சொற்களை எடுத்துச் சொல்வாராயின், பாதி வைத்தியம் அப்போதே நடந்துவிடும்.

மார்ஃபின் என்றவுடன் நம் வீடுகளில் எழும் திகிலையும் சொல்லியாக வேண்டும். அது கடைசி ஊசி, கொடுத்தால் ஆள் போய்விடுவார், பழகினால் கஞ்சாக்காரனாகி விடுவார் என்று உறவினர் மருந்துப் புட்டியை அலமாரியில் ஒளித்து வைக்கின்றனர். உலகச் சுகாதார நிறுவனம் 1986-இலேயே வாய்வழியாக, நேரந் தவறாமல், வலியின் அளவறிந்து இதனைக் கொடுக்கும் முறையை வகுத்து வெளியிட்டது. அளவோடு தொடங்கி வலிக்கேற்பக் கூட்டினால் அது உயிரைக் குடிப்பதில்லை. தொடக்கத்தில் சிறிது தூக்கமும் குமட்டலும் வரும், சில நாளில் அடங்கும். மலச்சிக்கல் மட்டும் அடங்காது. ஆகையால் பேதிமருந்தும் கூடவே கொடுப்பது வழக்கம். வலி வந்தபின் கொடுப்பதைக் காட்டிலும் வருமுன் கொடுப்பதே முறை. இவ்வளவையும் ஆஸ்பத்திரியில் ஒருவர் உட்கார்ந்து தமிழில் சொல்லியனுப்பினால் புட்டி அலமாரிக்குப் போகாது. மந்திரித்த கயிற்றை நம்பி நூறு வெள்ளி கொடுப்பவர், அரசாங்கம் கொடுக்கும் மருந்தை அஞ்சி ஒதுக்குவதைக் கண்டு சினங்கொள்வதினும், அவருக்கு அதனை விளக்காத நம்மைக் கேட்டுக்கொள்வதே முறையாகும்.

நோயாளியிடம் உண்மையை மறைக்கும் வழக்கமும் அத்தகையதே. "அவரிடம் சொல்லிவிடாதீர்கள்" என்று வைத்தியரைக் கெஞ்சுவது அன்பினால்தான். ஆயினும், நாற்பதாண்டு பால் வெட்டிச் சேர்த்த பணத்தை எவருக்கு எழுதுவது, எங்கே இறப்பது, யாரைக் கடைசியாகப் பார்ப்பது என்று முடிவு செய்யும் உரிமை அம்மனிதனுடையது. பெண்ணாயிருந்தால் மறைப்பு இரட்டிப்பாகிறது. கணவனிடமும் மகனிடமும் வைத்தியர் பேசுவார். அவளிடம் "சரியாகிவிடும்" என்பர். அவள் எல்லாவற்றையும் அறிந்தும் அறியாதவள்போல் கிடப்பாள்.

தொண்டர்களுக்கு எங்கே போவது என்று கேட்போர்க்கு நம் நாட்டுச் சரித்திரமே விடை தரும். 1946, 1947-ஆம் ஆண்டுகளில் பீடோங் ஹார்வர்ட் தோட்டத்தில் ஏ. எம். சாமி என்பார் தலைமையில் தொண்டர் படை எழுந்தது. கள்ளுக்கடைகளை எதிர்த்து லயத்து இளைஞர்கள் அணிவகுத்தனர், குடித்தவனைத் தட்டிக்கேட்டனர், கெடாவின் பல தோட்டங்களுக்கு அவ்வியக்கம் பரவிற்று. அவர்களுக்குச் சம்பளம் கொடுத்தவர் யாருமில்லை. பின்னாளில் கூட்டுறவுச் சங்கத்திற்குப் பங்குப்பணம் கட்டியவர்களும் அதே பாட்டாளிகளே. கேரளத்து வலைப்பின்னலைக் கேட்டு வியப்போர், அதன் இரு கூறுகளும், அதாவது அக்கம்பக்கத்தாரின் உழைப்பும் சில்லறைக் காசும், நம்மிடம் முன்னரே இருந்தன என்பதை மறந்துவிட்டனர். கோயில் திருவிழாவுக்கு ஒரே வாரத்தில் ஆயிரக்கணக்கில் வெள்ளி திரட்டும் தாமான்கள் கெடாவில் உண்டு. சாய்த்து உயர்த்தும் கட்டில் ஒன்றும், காற்றடைத்த மெத்தை ஒன்றும், சக்கர நாற்காலி ஒன்றும் வாங்கி வைத்து, வேண்டியவர்க்கு இரவல் கொடுத்துத் திரும்பப் பெறும் சங்கம் எத்தனை தாமான்களில் உண்டு?

செய்ய வேண்டியவற்றுட் சில மிகச் சிறியவை. தோட்டத்து வீடுகளுக்கு எண் இராது. "மூன்றாம் டிவிஷன்" என்று எழுதிய விலாசத்தைக் கொண்டு கிளினிக் வண்டி அலையும். வாயிலில் காவற்காரர் கதவைத் திறக்க மறுப்பார். தொண்டர் ஒருவர் பெருஞ்சாலையில் வந்து நின்று வழிகாட்டினால் போதும். படுத்த படுக்கையாயிருக்கும் தீராநோயாளரைப் பேணுவோர்க்குச் சமூகநல இலாகாவின் உதவித்தொகை உண்டு. பாரம் எழுதத் தெரியாமையால் விட்டுவிட்ட குடும்பங்கள் பல. பாரத்தை நிரப்பிக் கொடுப்பதற்கு வைத்தியப் பட்டம் வேண்டா.

இறுதியாக ஒன்று. வீட்டில் மரணம் நேர்ந்தால் உரிய இடத்தில் தெரிவித்து அடக்கத்திற்கு அனுமதிச்சீட்டுப் பெறுதல் வேண்டும். நள்ளிரவில் அங்கே சென்று நிற்கும் மகனை, எப்படி இறந்தார், யார் பார்த்தார், ஏன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவில்லை என்று கேட்பர். நோயாளி நோய்த்தணிப்புப் பேணுகையில் இருந்தார், வீட்டிலேயே இருக்க விரும்பினார் என்று ஆஸ்பத்திரி எழுதிய கடிதம் கையிலிருந்தால் விடை எளிதாகும். அக்கடிதத்தை முன்னரே கேட்டு வாங்கி வைத்தல் நன்று. அடக்கம் முடிந்த சில நாட்களில் தாதி மறுபடியும் அவ்வீட்டிற்கு வர வேண்டும். மீந்துள்ள மார்ஃபின் புட்டியை எடுத்துச் சென்று மருந்தறையில் ஒப்படைக்கும் வேலை அவளுக்கு உண்டு. சற்றே உட்கார்ந்து, இரவெல்லாம் மருந்தளந்து கொடுத்த அந்த மூதாட்டி இப்போது தூங்குகிறாளா, சாப்பிடுகிறாளா என்று கேட்கும் வேலையும் உண்டு.